ஃபர்தர்மோர் போட்டால் மார்க் வருமா?

தேர்வுக் காலம் நெருங்கினால் எங்கள் நொய்டா அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் தவறாமல் ஒரு பிடிஎஃப் சுற்றுக்கு வரும். யார் முதலில் தயாரித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. 'நூறு கனெக்டர்கள், ஆங்கிலக் கட்டுரையில் முழு மதிப்பெண்' என்பது மாதிரி ஒரு தலைப்பு. உள்ளே மோர்ஓவர், ஃபர்தர்மோர், ஹவ்எவர், நெவர்தெலஸ், ஹென்ஸ், தஸ், இன் கன்க்ளூஷன் எல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். கீழே தடித்த எழுத்தில் ஓர் அறிவுரை: ஒவ்வொரு பத்தியையும் இவற்றில் ஒன்றைக் கொண்டு தொடங்கவும்.

இந்தப் பதிவு அந்த பிடிஎஃப்புக்கு எதிரானது. அதை ஃபார்வர்டு செய்கிற அப்பா அம்மாக்களுக்கும், அதை வைத்துக் காசு பார்க்கும் டியூஷன் சென்டர்களுக்கும் எதிரானது. திட்டப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு வருத்தப்படக் கூடாது.

நான் பொட்டி தட்டிப் பிழைப்பவன், ஆங்கில வாத்தியார் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் நோட்டோடு வந்துவிடுவார்கள். "அண்ணா, இவளுக்கு ஐடியா எல்லாம் நிறைய இருக்கு. கனெக்டர்ஸ் மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்க" என்பார் ஒரு மதுரைக்கார அம்மா. ஏதோ சாம்பார் தயார், பெருங்காயம் மட்டும் போட வேண்டும் என்கிற மாதிரி. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இணைப்புச் சொல் கடைசியில் தூவுகிற சரக்கு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அப்படித் தூவி எழுதிய கட்டுரை எப்படி இருக்கும்? நான் வாராவாரம் பார்ப்பதைத் தமிழில் தருகிறேன்:

"மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன. மேலும் அவை பழம் தருகின்றன. இருப்பினும் மரங்களை வெட்டக் கூடாது. ஆகவே மரம் மனிதனின் நண்பன். முடிவாக, மரம் வளர்ப்போம்."

ஆங்கிலத்தில் படித்தால் கம்பீரமாகத்தான் இருக்கும். தமிழில் போட்டதும் சாயம் வெளுத்துவிடுகிறது, பாருங்கள். 'இருப்பினும்' என்றால் முன்னால் சொன்னதற்கும் பின்னால் சொல்வதற்கும் ஏதோ முரண் இருக்க வேண்டும். நிழல் தருகிறது, பழம் தருகிறது, வெட்டக் கூடாது. இதில் எங்கே முரண்? 'ஆகவே' என்றால் முன்னது காரணம், பின்னது விளைவு. வெட்டக் கூடாது என்பதனாலா மரம் நண்பன் ஆனது? நண்பன் என்பதனால்தானே வெட்டக் கூடாது? தலைகீழ்! அந்தப் பெண்ணுக்குத் தமிழில் இந்தத் தவறு வரவே வராது. வீட்டில் "பாட்டி நிழல்ல உக்காந்திருக்கா, இருப்பினும் மோர் குடிக்கறா" என்று அவள் சொல்வாளா? ஆங்கிலத்தில் மட்டும் ஏன் வருகிறது? சொல்லின் வேலையைச் சொல்லாமல் சொல்லை மட்டும் கொடுத்திருக்கிறோம். அதனால் வருகிறது.

என் வழக்கு இவ்வளவுதான். இணைப்புச் சொல் ஒரு வாக்குமூலம். 'ஹென்ஸ்' என்று எழுதுகிறவர் "இது அதனால் நடந்தது, நான் சாட்சி" என்கிறார். 'ஹவ்எவர்' என்று எழுதுகிறவர் "இவை இரண்டும் ஒத்துப்போகவில்லை, நான் கவனித்தேன்" என்கிறார். கவனிக்காமலே அதை எழுதப் பழக்குவது, பார்க்காததற்குச் சாட்சி சொல்லப் பழக்குவது.

"ஒரு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு அலட்டலா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு கதை. ஒன்று சின்னது, இன்னொன்று உலகம் அறிந்தது.

சின்னது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஓர் இரவு வாடிக்கையாளரின் பில்லிங் சிஸ்டம் நான்கு மணி நேரம் படுத்துவிட்டது. அன்று இரவு ஷிஃப்டில் இருந்தவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதினொரு மணிக்கு ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தான். பதினொன்று இருபதுக்கு சிஸ்டம் நின்றது. மறுநாள் மேனேஜர் அறிக்கை எழுதினார்: "பதினொரு மணிக்கு மாற்றம் செய்யப்பட்டது. ஹென்ஸ், பதினொன்று இருபதுக்கு சிஸ்டம் நின்றது." அந்த 'ஹென்ஸ்' உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஹிந்தியில் பதில் வந்தது: "ஃப்ளோ கே லியே டாலா ஹை, யார்." ஃப்ளோவுக்காகப் போட்டாராம்!

மூன்று வாரம் கழித்து, ஸ்டோரேஜ் சப்ளை செய்தவர்களே பழுது தங்கள் பக்கம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் அந்த அறிக்கை வாடிக்கையாளரிடம் போய், அங்கிருந்து மேலிடம் போய், பையனின் அப்ரைசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. யாரும் திருத்தவில்லை. அவன் வேலையை விட்டுப் போனான். 'ஹென்ஸ்' இருந்த இடத்தில் 'அதன் பிறகு' என்று எழுதியிருந்தால் அது வெறும் நேரக் குறிப்பு. 'ஹென்ஸ்' போட்டதால் குற்றப் பத்திரிகை. சிறு வயதில் அந்த மேனேஜருக்கும் யாரோ நூறு கனெக்டர் பட்டியல் கொடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

உலகம் அறிந்தது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பிய ஒன்றரை நிமிடத்துக்குள், வெளித் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் ஆபத்தைக் கணக்குப் போட்டு பவர்பாயிண்ட்டில் காட்டினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் நம் கணிப்பு ஆபத்தைக் கூட்டித்தான் காட்டுகிறது என்று தைரியம் சொல்லும் தொனியில் இருந்தது. அதே ஸ்லைடின் அடியில், புள்ளிக்குள் புள்ளியாக, பொடி எழுத்தில் வேறொரு சேதி: சோதனையில் அடித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், நிஜத்தில் மோதியதாக மதிப்பிட்டது 1920 கன அங்குலம். 640 மடங்கு!

இந்த இரண்டு சேதிக்கும் நடுவில் ஒரு 'ஆனால்' நின்றிருக்க வேண்டும். "சோதனைகள் தைரியம் தருகின்றன. ஆனால் இவ்வளவு பெரிய துண்டை நாம் சோதித்ததே இல்லை." புல்லட் பாயிண்ட்டில் 'ஆனால்' கிடையாது. எல்லாப் புள்ளியும் ஒரே தாம்பாளத்து வெற்றிலை பாக்கு. 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் ஓடம் சிதறியது. நம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். அந்த ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியே எடுத்துக்காட்டி, இதைப் படிக்கும் மேலதிகாரிக்கு இது உயிர்ப் பிரச்சினை என்பதே புரியாமல் போயிருக்கலாம் என்று சொன்னது.

ஸ்லைடால்தான் விபத்து நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் ஒரு பொய் 'ஹென்ஸ்' போட்டவன் ஆவேன். நான் சொல்வது, போட வேண்டிய 'ஆனால்' போடாததும், போடக் கூடாத 'ஆகவே' போட்டதும் ஒரே நோய் என்பது. இரண்டு சேதிக்கும் நடுவில் என்ன உறவு என்று யோசிக்காத நோய்.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த நோய் நம் பிள்ளைகளுக்கு ஏன் கூடுதலாகத் தொற்றுகிறது?

தமிழ் இந்த உறவை வினையின் வாலில் வைக்கிறது. 'போ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். போய், போனால், போனாலும், போனதால், போனபோது, போவதற்குள். வால் மாறினால் உறவு மாறிவிடும். மூன்று வயதுக் குழந்தை "நீ போனா நான் அழுவேன்" என்று சொல்லும்போது ஒரு முழு நிபந்தனை வாக்கியத்தை அநாயாசமாகக் கட்டிவிடுகிறது. இந்தச் சின்ன உறுப்புகள் நம் இலக்கணத்தில் அலட்சியமான விஷயமே இல்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் 'இடையியல்' என்று ஓர் இயலையே ஒதுக்கினார். 'உம்' என்ற ஒரே உருபுக்கு எட்டுப் பொருள் பிரித்தார். "அவனும் வந்தான்" என்பதில் உள்ள 'உம்'மும் "மூவரும் வந்தனர்" என்பதில் உள்ள 'உம்'மும் வேறு வேறு வேலை செய்கின்றன என்று யோசித்த மரபு நம்முடையது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நாம் மோர்ஓவரும் ஃபர்தர்மோரும் ஒன்று, எதை வேண்டுமானாலும் போடு என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

ஆங்கிலம் இதே உறவைப் பெரும்பாலும் வாக்கியத்தின் தலையிலோ நடுவிலோ தனிச் சொல்லாக வைக்கிறது. இடம்தான் வேறு, சரக்கு ஒன்றுதான். இதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும்.

இந்தப் பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு நடுவில் ஹிந்தியும் இருக்கிறது. ஹிந்தியில் இந்தச் சொற்கள் பெரும்பாலும் ஜோடியாக வரும். அகர் என்றால் தோ. ஹாலாங்கி என்றால் லேகின். சூங்கி என்றால் இஸ்லியே. மாடு பூட்டிய மாதிரி இரண்டு பக்கமும். அதே பழக்கத்தில் பிள்ளைகள் "ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வீ ப்ளேய்ட்" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு மாடு போதும். ஆல்தோ வந்தால் பட் வேண்டாம், பட் வந்தால் ஆல்தோ வேண்டாம். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போகிறார். ஏன் என்று சொல்வதில்லை. நோட்டில் அதைப் பார்த்தால் நீங்களே சொல்லிவிடுங்கள்: "கண்ணா, அது ஹிந்திக்காரங்க கட்டற வண்டி, இங்கிலீஷ்காரங்க வண்டிக்கு ஒரு மாடுதான்." ஒரு நிமிட வேலை. பிள்ளை முட்டாள் இல்லை, மூன்று மொழியைச் சுமக்கிறது என்பதும் அதற்குப் புரியும்.

'சின்ஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். பிடிஎஃப்பில் 'ஏனெனில்' என்று ஒரே வார்த்தையில் பொருள் போட்டு முடித்துவிட்டார்கள். "சின்ஸ் யூ லெஃப்ட் த டீம், த பக்ஸ் ஹேவ் கம் டவுன்" என்று உங்களுக்கு ஒரு மெயில் வருகிறது. நீங்கள் போனதிலிருந்து பக் குறைந்திருக்கிறதா, நீங்கள் போனதால் குறைந்திருக்கிறதா? முதலாவது தகவல், இரண்டாவது அவமானம் :-) தமிழில் 'போனதிலிருந்து', 'போனதால்' என்று இரண்டு வால் இருப்பதால் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தை ஒரு நொடியில் காட்டலாம். தமிழை வீட்டு வாசலோடு நிறுத்திவிட்ட பிள்ளைக்கு எதை வைத்துக் காட்டுவது?

'ஆன் த அதர் ஹேண்ட்', 'ஆன் த கான்ட்ரரி' இரண்டையும் பட்டியலில் ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். முதலாவது, இன்னொரு பக்கத்தையும் பார் என்கிறது. இரண்டாவது, நீ சொன்னது தப்பு, உண்மை நேர்மாறு என்கிறது. மீட்டிங்கில் கிளையண்ட் ஒன்று சொல்ல, நீங்கள் பணிவாக மறுபக்கத்தைக் காட்டுவதாக நினைத்து 'ஆன் த கான்ட்ரரி' என்றால் முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொன்ன மாதிரிதான்.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்வி தெரியும். "எல்லாம் சரி சார், மார்க் வருதே?"

வரலாம். தூங்கி வழியும் கண்ணோடு நூறாவது பேப்பர் திருத்துபவர் ஃபர்தர்மோரைப் பார்த்து அரை மார்க் சேர்த்துப் போடலாம். அந்த அரை மார்க்குக்காகப் பிள்ளையின் யோசனையை அடகு வைக்கிறீர்கள். எல்லா இடத்திலும் அந்தப் பாச்சா பலிப்பதும் இல்லை. வெளிநாடு போகப் பலர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் எழுத்துக்கு நான்கு அளவுகோல்கள். கோர்வையும் இணைப்பும் சேர்ந்தது அவற்றில் ஒன்று, கால் பங்கு மதிப்பெண். அந்தத் தேர்வுக்காரர்கள் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்தைப் படியுங்கள். உச்ச மதிப்பெண்ணுக்கு இணைப்பு கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். இயந்திரத்தனமான இணைப்பையும் அளவுக்கு மீறிய இணைப்புச் சொற்களையும் கீழ்ப்படிகளின் குறைகளாகச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு, குறை என்று எழுதி வைத்திருப்பதையே நிறை என்று விற்கும் கோச்சிங் சென்டர்களை என்ன சொல்ல!

இன்னொன்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, மோர்ஓவர் ஃபர்தர்மோர் தோரணங்களை எந்த இயந்திரமும் இலவசமாகக் கட்டித் தருகிறது. நம் பிள்ளையை ஐந்து வருடம் பாடுபட்டு அதே தோரணம் கட்டப் பழக்கினால், யாருக்குப் போட்டியாகத் தயார் செய்கிறோம்? இயந்திரம் 'ஆகவே' என்று எழுதியதைப் பார்த்து "அது எப்படி ஆகவே?" என்று கேட்கத் தெரிந்த ஆளைத்தான் நாளைக்கு வேலைக்குத் தேடுவார்கள்.

பட்டியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்நிய மொழிக்குப் பட்டியல் தேவைதான், ஆனால் இழுப்பறை பிரித்து வையுங்கள். 1976-ல் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் சேர்ந்து 'கோஹீஷன் இன் இங்கிலீஷ்' என்ற புத்தகம் எழுதினார்கள். ஹசன் நம் உத்தரப் பிரதேசத்துப் பிரதாப்கரில் பிறந்தவர். அவர்கள் வாக்கியங்களை இணைக்கும் இந்தச் சொற்களை நான்கே வகைக்குள் அடக்கினார்கள். சேர்ப்பது, எதிர்ப்பது, காரணம் சொல்வது, காலவரிசை சொல்வது. நூறு சொல்லை மனப்பாடம் செய்வதற்கு முன் பிள்ளை கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் நாலில் எந்த உறவு? பதில் கிடைத்தால் சொல் தானாக வரும். 'பட்', 'ஸோ', 'அண்ட்' என்று எளிய சொல்லாக வந்தால் இன்னும் நல்லது. பல இடங்களில் சொல்லே தேவைப்படாது, வரிசை சரியாக இருந்தாலே போதும்.

இதற்கு டியூஷன் வேண்டாம். நம் பாட்டிகள் கதை சொல்லும்போது நாம் 'ம்' கொட்டினோமே, அதுதான் முறை. நடுநடுவே மூன்று கேள்வி கேட்போம். "அப்புறம்?" "ஏன்?" "அதெப்படி?" அப்புறம் என்பது சேர்ப்பும் காலவரிசையும். ஏன் என்பது காரணம். அதெப்படி என்பது எதிர்ப்பு. நான்கு இழுப்பறையும் அந்த மூன்று கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. பிள்ளை தன் கட்டுரையைச் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் தமிழில் 'ம்' கொட்டுங்கள். எந்த இடத்தில் உங்கள் வாயிலிருந்து "அதெப்படி?" என்று வருகிறதோ, அங்கே அவன் எழுதியிருப்பது 'மோர்ஓவர்' என்றால் தப்பு பிடிபட்டுவிட்டது. இதற்கு அம்மாவுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. பிள்ளை தமிழில் பொருளைச் சொன்னால் போதும்.

நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்ததும் முதலில் கைவிட்டது பிள்ளைகளிடம் தமிழில் காரணம் கேட்பதைத்தான். "ஹோம்வொர்க் முடிச்சியா, சாப்டியா" வரைக்கும் தமிழ். அதற்கு மேல் யோசிக்கிற விஷயம் எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலம் நன்றாக வர வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தோம். ஆனால் யோசனைக்கு அஸ்திவாரம் போட்ட மொழியை மூட்டை கட்டிவிட்டு, கட்டடத்துக்கு வெளியே மோர்ஓவர் என்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் உங்கள் பிள்ளையின் நோட்டை எடுங்கள். 'ஹென்ஸ்' என்று எங்காவது எழுதியிருந்தால் விரலை வைத்து, "எதனால?" என்று தமிழில் கேளுங்கள். பதில் வந்தால் முதுகில் தட்டிக் கொடுங்கள். வராவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்லுங்கள், மார்க் போனாலும் பரவாயில்லை.

பி.கு.: இந்தப் பதிவில் நானும் 'ஆனால்', 'ஆனாலும்' நிறையப் போட்டிருக்கிறேன். சும்மா போட்டது என்று ஒன்றைக் காட்டுங்கள், பின்னூட்டத்தில் சண்டை போடத் தயார்.